பழைய கணிப்பொறியும் ஊராட்சிப் பணமும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று இ-கிராம் சுவராஜ் தளம் தொடங்கப்பெற்றது. ஊராட்சியின் திட்டமும் கணக்கும் இன்று கணிப்பொறி வழியே பதிவாகின்றன. கணிப்பொறி மந்தமாயின் ஊராட்சி அலுவலும் மந்தமாகும். ஆயினும், "பழசாயிற்று; புதிது வாங்குவோம்" என்று தீர்மானம் எழுதுமுன் காரணத்தை ஆராய்தல் நம் கடமை. செலவாவது மக்கள் பணமன்றோ?

கணிப்பொறியின் வட்டு, குதிர் போன்றது. ராம் எனப்படும் நினைவகம், களம் போன்றது. களம் சிறிதாயின், பாதி அடித்த கதிரை வாரிக் குதிரில் போட்டு, மீண்டும் எடுத்துவர நேரும். நினைவகம் நிரம்பிய கணிப்பொறி செய்வதும் இதுவே. சுழலும் வட்டு நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு தாமதமானது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நினைவகம் எந்நேரமும் 90 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பியிருந்தால் குறை அங்கேதான். நினைவகத்தில் இடமிருந்தும் வட்டு ஓயாது உழைத்தால், எஸ்.எஸ்.டி. வட்டு மாற்றுவதே பயன் தரும்.

களத்தை மனையளவுக்குத்தான் விரிக்க இயலும். அம்மனையே மதர்போர்டு. இன்டெல் ஜி41 வகை 8 ஜி.பி.க்கு மேலும், எச்61 வகை 16 ஜி.பி.க்கு மேலும் ஏற்பதில்லை. டி.டி.ஆர்.3 நினைவகத்துக்கு 240 முனைகள், டி.டி.ஆர்.4-க்கு 288. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே, பலகையின் பெயரையும் நினைவகத்தின் வகையையும் குறித்துக்கொண்டே கடைக்குச் செல்லுங்கள். 8 ஜி.பி. ஒன்றைவிட, ஒரே மாதிரியான 4 ஜி.பி. இரண்டு, இரு மடை திறந்தாற்போல் விரைவு தரும். வேகம் குறைந்த ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் அதன் வேகத்திலேயே ஓடும். 32-பிட் விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் 4 ஜி.பி.க்கு மேல் இட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. நான் கூறிய அவ்விரு பலகைகளில் ஓடும் செயலிகள் விண்டோஸ் 11-க்குரிய பட்டியலில் இல்லை. எனவே, பணப்பட்டுவாடா நடைபெறும் கணிப்பொறி அத்தகையதாயின், நினைவகம் கூட்டினாலும் பாதுகாப்பு கூடாது. அதனை மாற்றுவதே முறை. நூலகத்துக்கோ மாணவர் பயிற்சிக்கோ லினக்ஸ் இட்டு அதனைப் பயன்படுத்தலாம்.

வண்டி பழசென்று எரிப்பதும் தவறு. அச்சு முறிந்த வண்டிக்கு வர்ணம் பூசுவதும் தவறு. எது பழுது என்றறிந்து செலவிடுவீர்களாக எனக் கேட்டு அமைகிறேன்.