கழிமுகம் தேடும் நண்டுக் குஞ்சுகள்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில், கடலுக்கு நெடுந்தொலைவில், ஞாயிறன்று நம் அடுப்பில் ஏறும் சேற்று நண்டு எங்கே பிறந்தது?

கழியில் வாழும் தாய் நண்டு, முட்டையிடும் பருவத்தில் கடலை நாடிச் செல்கிறது. இலட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றடியில் சுமந்து, அங்கே பொரியவிடுகிறது. பொரித்த குஞ்சில் நண்டின் சாயலே இராது. முள் தாங்கிய நுண்ணுயிராய் மிதந்து திரியும். 5 முறை சட்டை உரித்தபின் 'மெகலோப்பா' எனும் பருவத்தை அடையும். அப்போது கொடுக்கும் இருக்கும், வாலும் இருக்கும்.

இனிக் கழிக்குத் திரும்பவேண்டும். இத்துணைச் சிற்றுடல் நீரோட்டத்தை எதிர்ப்பது எங்ஙனம்? பல நண்டினங்கள் எதிர்ப்பதே இல்லை. ஓதம் ஏறுகையில் மேலெழுந்து நீரோடு உட்செல்கின்றன; வடிகையில், ஓட்டம் தளர்ந்த அடித்தரையில் பதுங்குகின்றன. இவ்வாறு படிப்படியாக உள்ளே வந்து, அலையாத்தி வேரிலும் கடற்புல்லிலும் தங்கி, மீண்டும் சட்டை உரித்து நண்டாகின்றன.

இதற்கு வாயில் திறந்திருக்க வேண்டுமல்லவா? சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. அதன் முகத்துவாரம் அவ்வப்போது மணல் மேடிட்டு அடைபடுகிறது. அடைபட்டால் குஞ்சுகள் வெளியே நிற்கும். பின்னர் வலைகள் வெறிதே திரும்பும். ஆகவேதான் மீனவர் தாமே மணல் வாரி வழி திறந்ததுண்டு.

தொலைவிலுள்ள நாமும் ஒன்று செய்யலாம். வயிற்றடியில் முட்டைத் திரளோடு வரும் நண்டை வாங்காதிருப்போம். அதனைக் கேட்பார் இல்லையேல், பிடிப்போர் கடலிலேயே விட்டுவிடுவர்.