மலைப்பாதையில் செல்போன் சார்ஜ்

செல்போனில் சார்ஜ் குறைவது பேசும்போது மட்டுமல்ல. பையில் சும்மா கிடக்கும்போதும் குறையும். ஒரு காரணம், டவர்.

டவர் பக்கத்தில் இருந்தால் போனுக்கு வேலை குறைவு. தள்ளி இருந்தால் கூடுதல் சக்தி செலவாகும். எதிர்வீட்டுக்காரரிடம் மெல்லப் பேசலாம்; வயலின் அக்கரையில் நிற்பவரைக் கத்தித்தான் கூப்பிட வேண்டும். அதே கதைதான்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் போய்விடும். போன் விடாமல் டவரைத் தேடும். தேடத் தேட சார்ஜ் இறங்கும். மேலே போய் விடுதிக்கு வழி பார்க்கலாம் என்று எடுத்தால், அணைந்து கிடக்கும்.

இதற்குச் சுலபமான வழி ஃபிளைட் மோட். பெயர்தான் விமானத்துக்கு, பஸ்ஸிலும் போடலாம். போட்டால் தேடல் நிற்கும், சார்ஜ் தங்கும். அழைப்பு வராது என்பதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பதறிவிடுவார்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை. செயற்கைக்கோள் சிக்னல் கிடைத்தாலே போதும். ஆகவே பெரும்பாலான போன்களில் ஃபிளைட் மோடிலும் இருக்கும் இடம் தெரியும். ஆனால் வழி காட்டும் மேப்பை, மலை ஏறும் முன் பொள்ளாச்சியிலேயே, சிக்னல் நன்றாக இருக்கும்போதே, டவுன்லோட் செய்து வைத்திருக்க வேண்டும்.