அயலார் நிலத்தில் நம் வடிகுழாய்

பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறிய நம்மவர்கள், சில காலம் வாடகை வீட்டில் கழித்தபின் புறநகரில் சிறு மனை வாங்கி வீடு கட்டுவது இயல்பு. பத்திரம், வில்லங்கம், வாசற்படியின் திசை அனைத்தையும் ஊன்றிப் பார்க்கும் நாம், கழிவுநீர் எவ்வழியே வெளியேறும் என்று பார்ப்பதில்லை. நாகபுரியில் மனை வாங்கிய நாங்களும் பார்க்கவில்லை.

எங்கள் மனை, முன்தெருவைவிடத் தாழ்ந்தது. நான்கு அங்குலக் குழாயில் கழிவு தேங்காமல் ஓடுவதற்கு 40 அடிக்கு 1 அடி என்ற அளவில் சரிவு வேண்டும். அச்சரிவு, பின்புறத்து மராட்டிய அன்பரின் தோட்டத்தின் வழியேதான் கிடைத்தது. கேட்டோம், மனமுவந்து இசைந்தார். 2009இல் குழாய் பதித்தோம். அத்தகைய நல்லவரிடம் கையொப்பம் கேட்பது மரியாதையன்று எனக் கருதி, எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. 2017இல் அவர் வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் அஸ்திவாரம் தோண்டுகையில் குழாயைக் கண்டு, அதை அகற்றுமாறு கூறினார். அவரைக் குறைகூற இயலாது. அவர் படித்த பத்திரத்தில் அக்குழாய் இல்லை.

நேயர்களே, 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இங்கேதான் குறுக்கிடுகிறது. (வசதியுரிமை என்பது எம்போன்ற மொழிபெயர்ப்பாளரின் தமிழ். ஊர்ப் பத்திர எழுத்தர் 'பாத்தியம்' என்று சுருக்கமாக எழுதிவிடுவார்.) வெறும் அனுமதி வேறு, வசதியுரிமை வேறு. அனுமதி தந்தவர் நிலத்தை விற்றால், வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது என்கிறது 59ஆம் பிரிவு. வசதியுரிமையோ நிலத்தோடு ஒட்டியது; கைமாறினாலும் தொடரும். 20 ஆண்டு அனுபவத்தால் உரிமை உண்டாகுமே என்பார் சிலர். உரிமை கொண்டாடி அனுபவித்தால்தான் அது உண்டாகும். அனுமதி கேட்டு அனுபவித்த ஆண்டுகள் அக்கணக்கில் சேரா. மேற்கு வங்கத்தில் வாழும் நேயர்கள் ஒன்று கவனிக்க: அங்கு இச்சட்டம் செல்லாது, நீண்டகால அனுபவ உரிமைக்கு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தைப் பார்க்கவேண்டும்.

வழக்காடுவதைவிடப் பேசுவதே மேல் எனத் துணிந்தோம். வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு உடன்படிக்கை எழுதினோம். குழாய் மதிலோரமாக மாற்றப்பட்டது; செலவு எங்களுடையது. செல்லும் தடம், ஆழம், அகலம் ஆகியவை வரைபடத்துடன் குறிக்கப்பட்டன. பழுதுபார்க்க நாங்கள் முன்னறிவிப்புடன் நுழையலாம். தோண்டிய மண்ணைப் பழையபடி மூடவேண்டும். மாடி எழுப்பிக் குடிவைத்துக் கழிவைப் பெருக்கலாகாது. இதற்காக ஒரு தொகையும் கொடுத்தோம். 100 ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள நில உரிமையை உண்டாக்கும் ஆவணம் பதியப்படவேண்டுமாதலால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் செய்தோம்.

குழாயின் மேல் மரம் நடலாகாது என்ற விதியைச் சேர்க்கச் சொன்னவர் அவரே. மதிலோரம் நின்ற எலுமிச்சங்கன்றுகள் இரண்டையும் அன்று மாலையே பெயர்த்து, வாசற்புறம் நட்டார்.