வழியும் வரவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் ஒரு சாலையைப் பற்றிப் பேச விழைகின்றேன். அது நம் ஊர்ச் சாலையன்று. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரையும் ஜோகன்னஸ்பர்க் நகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை. அதற்கும் சேத்தூர்க் கவிஞர்க்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். தொடர்பு உண்டு. அது நம் சங்கப் பாடல்களிலிருந்தே தொடங்குகின்றது.

ஐங்குறுநூற்றின் இறுதி நூறு பேயனார் பாடிய முல்லை. அந்நூற்றின் ஒன்பதாம் பத்துக்குத் 'தேர் வியங்கொண்ட பத்து' என்று பெயர். வினை முடித்த தலைவன், விரைந்து செலுத்துக எனப் பாகனை ஏவும் பாடல்கள் அவை. அதனை அடுத்து நிற்பது 'வரவுச் சிறப்புரைத்த பத்து'. அதனோடு நூலே நிறைவுறுகின்றது. தொகுத்தோர் தேரோட்டத்தோடு நூலை முடிக்கவில்லை, வரவோடு முடித்தனர். வழி எத்துணை நெடிதாயினும், வந்தாயா என்று கேட்க வாயிலில் ஒருவர் நின்றால்தான் பயணம் நிறைவுறும் என்பது அவர்தம் கருத்துப் போலும்.

அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவன், மலரில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று தேர்மணியின் நாவைக் கட்டிக்கொண்டு வருகின்றான். மலைபடுகடாமோ, நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியின் இடர்களை ஒவ்வொன்றாக எடுத்துரைக்கின்றது. அத்தோடு அமையாது, எந்தக் குடியிருப்பில் எவ்வாறு சோறிட்டு வரவேற்பர் என்பதையும் கூறுகின்றது. வழி கூறுவோன் வரவேற்பையும் கூறவேண்டும் என்பது ஆற்றுப்படையின் இலக்கணம். இவ்விலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆப்பிரிக்கச் சாலைக்குச் செல்வோம்.

டர்பனில் வாழும் ஒரு தமிழ் இளைஞர், ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தம் அத்தையைக் காண மோட்டார் சைக்கிளில் புறப்படுகின்றார் என்று கொள்வோம். அங்கும் நம் நாட்டைப் போலவே சாலையின் இடப்புறம்தான் வண்டி ஓட்ட வேண்டும். தொலைவு ஏறத்தாழ 570 கிலோமீட்டர். நம் இராசபாளையத்திலிருந்து சென்னை செல்லும் தொலைவை ஒத்தது. அவர் ஊர்ந்து செல்வது நம் சென்னையில் செய்த புல்லட்டாகவும் இருக்கலாம். திருவொற்றியூரில் வளர்ந்த அந்நிறுவனத்தின் வண்டிகள் அங்கும் ஓடுகின்றன. கடற்கரையின் கரும்புக் காடுகளைக் கடந்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியே மேட்டு நிலம் ஏறி, டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரின் வான் ரீனன் கணவாயை அடைவார். அக்கணவாய் 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தது. 2024 செப்டம்பரில் அங்குப் பனி கொட்டிச் சாலையே அடைபட்டது. வானம் தெளிந்த நாளாயின் கணவாய் கடந்து, ஹாரிஸ்மித் ஊரில் தேநீர் அருந்திவிட்டு, பொழுது சாய்வதற்குள் அத்தை வீட்டுக் கதவைத் தட்டிவிடலாம். அவருக்கு அது ஒரு பகற்பொழுதின் பயணம்.

அவருடைய முன்னோர்க்கு அந்த ஒரு பகற்பொழுது எட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. அன்று சென்னைக்குக் கட்டிய துறைமுகம் இல்லை. அலைமோதும் கரையிலிருந்து படகேறிச் சென்றே கப்பலை அடைய வேண்டும். அவ்வாறு ஏறிய 342 பேர் நவம்பர் 16 அன்று டர்பன் கரையில் இறங்கினர். அன்று முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஒப்பந்தம் ஐந்தாண்டு. காலம் முடிந்த பின்னும் அங்கேயே தங்கியவர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்க 1895இல் சட்டம் செய்தனர்.

கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பிய மரபு. கூலிக் கப்பலின் விதி இதற்கு நேர்மாறானது. குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் ஏறியாக வேண்டும். தலைவனும் தலைவியும் ஒருங்கே கப்பலேறிவிட்ட பிரிவுக்கு நம் அகத்திணையில் துறை இல்லை. தனியே ஏறிய பெண்ணுக்கோ எந்தத் திணையிலும் இடமில்லை. பிரிந்தவரை எண்ணி ஆற்றியிருந்தது யார்? ஊரில் எஞ்சிய ஒரு தாயாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம். அவர்கள் கூற்றாக ஒரு பாட்டு எழுதப்பட வேண்டும் என்று நான் பலகாலும் எண்ணியதுண்டு.

அங்குச் சென்றோர் அந்நாட்டுக்குள்ளேனும் தம் உறவினரைத் தடையின்றிக் கண்டனரா என்றால், அதுவும் இல்லை. 1893 ஜூனில் காந்தியடிகள் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது, மேற்கூறிய வழியில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடக்க இந்தியர்க்கு அனுமதிச்சீட்டு வேண்டும். அச்சட்டத்தை மீறவே 1913 நவம்பர் 6ஆம் நாள் 2,037 ஆடவரும் 127 மகளிரும் 57 குழந்தைகளும் எல்லை கடந்து நடந்தனர். அந்த அறப்போர்க் காலத்தில் சிறை சென்று நோயுற்று, விடுதலைக்குப் பின் 1914 பிப்ரவரி 22இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அவர் பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அவர்தம் பெற்றோரின் ஊர். கண்ணால் காணாத ஊரைப் பெயரின் முன்னே தாங்கி நிற்கிறார் அப்பெண். 1915இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தார். வள்ளியம்மை வந்திருக்க வேண்டிய வழியில் அவர் வந்தார் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

நம் இளைஞர் தேநீர் அருந்திய ஹாரிஸ்மித், ஃப்ரீ ஸ்டேட் மாநிலத்தில் உள்ளது. அம்மாநிலத்தில் இந்தியர் குடியிருக்கலாகாது என்று 1891இல் சட்டம் செய்தனர்; அத்தடை 1980களின் நடுப்பகுதி வரை நீடித்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இந்தியர்க்கு இருந்த அனுமதிச்சீட்டு முறை 1975இல்தான் தளர்ந்தது. அண்ணன் டர்பனிலும் தங்கை ஜோகன்னஸ்பர்க்கிலும் வாழ்ந்தால், அவள் வீட்டு மங்கல நிகழ்ச்சிக்குச் செல்லவும் அரசின் தாள் வேண்டும். இன்று அந்த இளைஞர் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தும் அந்தக் கால்மணி நேரத்துக்குள் இத்தனை ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன.

இனி, கடலுக்கு இப்பாலுள்ள நம் பக்கத்தை நோக்குவோம். நிறவெறியை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை முறித்தது. நம் கடவுச்சீட்டுகளில் அந்நாட்டுக்குச் செல்லத் தகாது என்னும் குறிப்பு நெடுங்காலம் இருந்தது. 1993இல்தான் தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது. அறம் கருதிய முடிவு அது. ஆயினும் இரு கரையிலும் இருந்த உறவினர் அதற்கு விலை கொடுத்தனர். கடிதம் எழுதிக்கொண்டிருந்த தலைமுறை மறைந்தது. முகவரிகளும் அவர்களோடு மறைந்தன.

அதற்கு முன்பே திரும்பி வந்தோரை நாம் எவ்வாறு வரவேற்றோம்? 1927இன் கேப்டவுன் உடன்படிக்கையின்படி, பயண உதவி அளித்து இந்தியரைத் தாயகத்துக்கு அனுப்பும் திட்டம் நடந்தது. அவ்வாறு வந்தவர் நிலையை நேரில் ஆராய்ந்து பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பிழைக்க வழியின்றியும் ஊரார் ஏற்றுக்கொள்ளாமலும் அல்லலுற்றோர் பலர் என்பதை அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. தேர் வந்து சேர்ந்தது. வரவுச் சிறப்புரைக்க வாயிலில் எவரும் இல்லை.

அன்பர்களே! இன்று அவர்தம் கொள்ளுப் பேரர்கள் வருகின்றனர். கையில் ஒரு தாள் வைத்திருக்கின்றனர். நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவர்க்கும் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உயரம், உடல் அடையாளம் ஆகியவற்றைக் கப்பல் பதிவேட்டில் குறித்தனர். அவ்வேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றறிஞர் சுரேந்திர பாணா அவற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்து நூல் எழுதினார். பேரர் கையிலுள்ள தாள் அந்த ஏட்டின் ஒரு வரி.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒருவர் நம் பகுதிக்கு வந்தால் என்ன நேரும்? அவர் தாளில் மாவட்டம் 'தின்னவேலி' என்றிருக்கும். 1910 வரை நாம் திருநெல்வேலி மாவட்டம், பின்னர் இராமநாதபுரம், 1985இல் காமராசர் மாவட்டம், 1997 முதல் விருதுநகர். அவர் தேடும் மாவட்டத்தின் தலைநகரில் சென்று கேட்டால் நம் ஊர் அங்கு இல்லை. ஊர்ப்பெயரின் நிலையும் அதுவே. புலவரைப் போற்றிய சமீன் ஊராகிய இதனைப் பழைய ஏடுகள் 'சேற்றூர்' என்று எழுதும். நாம் 'சேத்தூர்' என்கின்றோம். வெள்ளை அதிகாரியின் செவியில் விழுந்து ஆங்கில எழுத்தில் அமர்ந்தபோது அது எவ்வடிவம் கொண்டதோ! ஆட்பெயரும் அங்ஙனமே. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலி 'மூட்லி' ஆனார். நாயுடு 'நாய்டூ' ஆனார். இத்திரிபுகளை நேர்ப்படுத்தி, இது இன்ன ஊர், இது இன்ன பெயர் என்று கூற வல்லவர் யார்? மொழியறிந்த நாம்தான். இது அயல்நாட்டு ஆய்வாளர் பணி என்று ஒதுக்கத் தக்கதன்று.

மற்றொன்றையும் மறைக்காது கூறுதல் வேண்டும். அத்தாளில் சாதி என்னும் பத்தியும் உள்ளது. பஞ்சத்துக்கு மட்டும் அஞ்சிக் கப்பலேறியவர் அல்லர் எல்லாரும். தம் ஊர்த் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாதவரும் ஏறினர். அவர் பேரன் வந்து நிற்கும்போது நாம் கேட்கும் முதல் வினா எதுவாக இருக்கும்? "நீ யார் வீட்டுப் பிள்ளை, தம்பி?" என்பதா? "எந்தத் தெரு?" என்பதா? இரண்டாம் வினாவின் உட்பொருள் நம் அனைவர்க்கும் தெரியும். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தவரை அவ்வினா ஒரே நொடியில் மீண்டும் கப்பலேற்றிவிடும்.

அங்குள்ளோர் எதனைக் காத்து வைத்திருக்கின்றனர் என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இன்று பேச்சுமொழி ஆங்கிலம். ஆயினும் தாத்தா, ஆயா, மாமா என்னும் உறவுச் சொற்கள் ஆங்கிலப் பேச்சின் நடுவிலும் வாழ்கின்றன. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றனர். அந்நாட்டில் அது குளிர்காலம். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலின் பெருவிழா ஈஸ்டரை ஒட்டிய புனித வெள்ளியில் நிகழ்கின்றது. தோட்டக்காரர் விடுமுறை அளித்த நாள் அது என்பதால் அம்மனும் அந்நாளை ஏற்றுக்கொண்டாள். தைப்பூசக் காவடி எடுக்கின்றனர். இலக்கணம் போயிற்று; எழுத்து போயிற்று; உறவைக் குறிக்கும் சொல்லும் தெய்வத்துக்கு ஊற்றும் கூழும் போகவில்லை. ஒரு மொழியில் இறுதிவரை நிற்பது எது என்று கவிஞர்கள் எண்ணிப் பார்க்க இது தக்க சான்று.

ஆகவே பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். பதினோராம் ஆண்டில், சேத்தூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் பற்றி ஓர் ஏடு தொகுப்போம். ஊர்களின் பழம்பெயர், மருவிய பெயர், ஆங்கில ஏட்டில் கண்ட வடிவம், கண்மாய், ஓடை, வயல், தோப்பு ஆகியவற்றின் பெயர், கோயில் கொடைகள், எல்லாத் தெருக்களிலும் முதியோர் வாயில் எஞ்சியுள்ள கப்பலேறியோர் கதைகள், கண்டிச் சீமைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவர் கதைகளும் அவற்றுள் அடங்கட்டும். எல்லாத் தெருக்களிலும் என்பதை அழுத்திச் சொல்கின்றேன். ஒரு தெருவை விட்டுவிட்டாலும் அத்தெருவின் பேரன் வரும்போது ஏடு ஊமையாகிவிடும்.

இது கவிஞர் வேலையா என்று ஐயுற வேண்டா. ஆற்றுப்படை பாடியோர் கவிஞரே. ஆற்றையும் மலையையும், எந்த வீட்டில் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் எழுதியவர் அவர்கள். இன்று நாம் எழுத வேண்டியது கடலுக்கு அப்பாலிருந்து வருவோர்க்கு உரிய ஆற்றுப்படை. அவர்க்கு வண்டி உண்டு, சாலை உண்டு, விமானமும் உண்டு. வந்து இறங்கும் இடத்தில், "வா, உன் பாட்டனார் பெயர் எங்கள் ஏட்டில் இருக்கிறது" என்று கூறும் ஒரு குரல்தான் இல்லை.

அக்குரல் நம் வட்டத்தின் குரலாக இருக்கட்டும் என்று கூறி அமைகின்றேன்.