ஜாவாவில் டைப் காஸ்டிங்

ஜாவா படிக்கத் தொடங்கும் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் ஒன்று டைப் காஸ்டிங், அதாவது ஒரு வகையை இன்னொரு வகையாகக் கொள்வது. இதை முதலில் எண்களில்தான் கற்கிறோம். 3.7 என்ற எண்ணை இன்டீஜராக காஸ்ட் செய்தால் 3 கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் இருந்தது போய்விடும், மதிப்பே மாறிவிடும். ஆப்ஜெக்டிலும் அப்படித்தான் நடக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் குழப்பத்தின் வேர். ஆப்ஜெக்டை எத்தனை முறை காஸ்ட் செய்தாலும் அது துளியும் மாறாது.

ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'வாகனம்' என்று ஒரு கிளாஸ். அதன் சப்கிளாஸ்கள் 'பேருந்து', 'லாரி'. 'ஓடு' என்ற மெத்தட் எல்லா வாகனத்துக்கும் உண்டு; பேருந்து கிளாஸில் அதை நாம் மாற்றி எழுதியிருக்கிறோம். 'டிக்கெட் கொடு' பேருந்துக்கு மட்டும்தான்.

இப்போது புதிதாக ஒரு பேருந்து ஆப்ஜெக்டை உருவாக்கி, அதை வாகனம் என்ற வகை கொண்ட வேரியபிளில் வைக்கிறோம். கம்பைலர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். எந்தப் பேருந்தும் வாகனம்தானே! இதுதான் அப்காஸ்டிங்.

அந்த வேரியபிளை வைத்து 'ஓடு' என்று அழைத்தால், பேருந்து கிளாஸில் நாம் மாற்றி எழுதிய 'ஓடு' மெத்தட்தான் இயங்கும். உள்ளே இருப்பது பேருந்துதான் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் 'டிக்கெட் கொடு' என்று கேட்டால் கம்பைலர் மறுத்துவிடும். அது பார்ப்பது வேரியபிளின் வகையை. வாகனத்துக்கு ஏது டிக்கெட்?

அப்போதுதான் டவுன்காஸ்டிங் தேவைப்படுகிறது. வேரியபிளுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் 'பேருந்து' என்று எழுதுகிறோம். "இதற்குள் இருப்பது பேருந்துதான், நான் பொறுப்பு" என்று கம்பைலருக்கு நாம் கொடுக்கும் வாக்குறுதி அது. கம்பைலர் நம்பி விட்டுவிடும். ஆனால் நிரல் ஓடும்போது ஜாவா மெய்நிகர் இயந்திரம் சரிபார்க்கும். உள்ளே லாரி இருந்தால், கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் என்ற பிழை எழும். அதைக் கையாள ஏற்பாடு இல்லையென்றால் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஸ்டிரிங்கை இன்டீஜர் கிளாஸாக காஸ்ட் செய்யப் பார்த்தாலோ, கம்பைலரே தடுத்துவிடும்.

ஆகவே, வாக்குக் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள். இன்ஸ்டன்ஸ் ஆஃப் என்ற சொல் அதற்காகவே இருக்கிறது. 2021இல் வந்த ஜாவா 16 முதல், சோதனையையும் காஸ்டிங்கையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்.

அதைவிட நல்லது, காஸ்டிங்கே தேவைப்படாமல் எழுதுவது. ஒரு காலத்தில் அரே லிஸ்ட்டிலிருந்து எதை எடுத்தாலும் காஸ்ட் செய்தே தீர வேண்டியிருந்தது. லிஸ்ட்டில் இருப்பது எந்த வகை என்று முன்பே குறிக்க உதவும் ஜெனரிக்ஸ், 2004இல் ஜாவா 5இல் வந்து அந்தச் சுமையைக் குறைத்தது. இன்றும் உங்கள் நிரலில் அடிக்கடி டவுன்காஸ்டிங் வந்தால், கிளாஸ்களை அமைத்த விதத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எல்லா வாகனமும் செய்யும் வேலையென்றால், அந்த மெத்தட்டின் இடம் வாகனம் கிளாஸ்தான்.

மாணவர்களே, கேட்டதோடு விட்டுவிடாதீர்கள். இந்த மூன்று கிளாஸ்களையும் நீங்களே எழுதுங்கள். வேண்டுமென்றே லாரியைப் பேருந்தாக காஸ்ட் செய்து, வரும் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். எந்த கிளாஸை எதுவாக மாற்ற முடியவில்லை என்று அது பெயர் சொல்லிக் காட்டும். பிழைச் செய்தியைப் பொறுமையாகப் படிக்கப் பழகியவருக்கு ஜாவா கைவசமாகும்.