வட்டமும் சோறும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டத்தில் இயற்பியல் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வி. உங்கள் அமைப்பின் பெயரையே நுழைவுச் சீட்டாகக் காட்டி உள்ளே வந்துவிட்டேன். வட்டத்தைப் பற்றிப் பேச எனக்கும் சிறிது உரிமை உண்டு.

இந்த அவையில் பத்தாண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் வழக்கு ஒன்றை நான் பின்வரிசையில் அமர்ந்து கேட்டிருக்கிறேன். யாப்பே கவிதையின் உயிர் என்பர் மரபு வழி நிற்போர். பொருள் இருந்தால் போதும், வடிவம் தானே அமையும் என்பர் புதுக்கவிதை அன்பர்கள். இதே வழக்கு என் துறையிலும் உண்டு. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது மரமா, தோலா, இரும்பா என்று கேளாமல் ஆராய்வது தூய வடிவியல். மரமும் தோலும் இரும்பும் எவ்வாறு நடந்துகொள்கின்றன என்று ஆராய்வது பொருள்களின் இயற்பியல். தொட்டுப் பார்க்கும் பொருளுக்கும் சொல்லின் பொருளுக்கும் தமிழ் ஒரே சொல்லைத் தந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

இவ்விரு துறைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தைத் தேடி நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. தஞ்சையில் செய்யப்படும் மிருதங்கத்தின் வலந்தலையில் அவை சந்திக்கின்றன.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். இழுத்துக் கட்டிய நரம்பை மீட்டினால், அடிப்படை ஒலியோடு அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் ஒலிக்கின்றன. முழு எண்களின் இந்த ஒழுங்கினால்தான் வீணையின் நாதம் செவிக்கு இனிமையாகிறது. ஆனால், வட்ட வளையத்தில் இழுத்துக் கட்டிய ஒரே சீரான தோலுக்கு அந்தப் பேறு இல்லை. ஆங்கில அறிஞர் ரேலே 1877இல் வெளியிடத் தொடங்கிய ஒலியியல் நூலில் இந்தக் கணக்கு விரிவாக உள்ளது. அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்று செல்கின்றன. எதுவும் முழு எண்ணில் நிற்பதில்லை. ஆகவே பறைக்கு முழக்கம் உண்டு, சுருதி இல்லை என்று மேலைநாட்டார் முடிவு கட்டினர். குற்றம் தோலைக் கட்டியவருடையது அன்று. வட்டம் என்ற வடிவத்தின் இயல்பே அது.

இந்த முடிவுக்கு ஒரு விலக்கு உண்டு என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவர் சர் சி. வி. இராமன். அவர் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவில் பிறந்தவர். தந்தைவழி முன்னோர் தஞ்சை மாவட்டத்தில் நிலம் வைத்திருந்தவர்கள். தந்தையார் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், பிடில் வாசிப்பதில் பற்றுடையவர். ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற இராமனைத்தான் நாடு அறியும். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1920இல், சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் நம் தோற்கருவிகளைப் பற்றி அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். பின்னர் இந்திய அறிவியல் கழகத்தின் 1934-35ஆம் ஆண்டுத் தொகுதியில் அதனை விரிவாக்கினார்.

தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால், அதிரும் இடத்தை விட்டு விலகி, அதிராத கோடுகளில் மணல் போய்ச் சேரும். சில தட்டுகளில் ஒரு விட்டம் தோன்றும். சிலவற்றில் இரண்டு விட்டங்கள். சிலவற்றில் உள்ளே ஒரு சிறு வட்டம். மணலே வரையும் கோலம் அது. இவ்வாறு ஒன்பது வகை அதிர்வுகளை இராமன் பிரித்தறிந்தார். அவை ஒன்பதும் 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்து சுருதிகளில் அடங்கிவிடக் கண்டார். முதலிரண்டில் ஒவ்வொன்று, அடுத்த இரண்டில் இவ்விரண்டு, ஐந்தாவதில் மூன்று. தனித்தனியே அலைந்த 2.14உம் 2.30உம் இங்கே 3 என்னும் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஐந்து சீருக்குள் ஒன்பது அசைகள் பிசிறின்றி அமர்ந்துவிட்டன என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்கைக் கொண்டுவந்தது எது? வலந்தலையின் நடுவே கரிய வட்டமாகத் தெரிகிறதே, அந்தக் கரணைதான். செய்வோர் அதனைச் 'சோறு' என்றே சொல்கின்றனர். பெயர் மட்டுமன்று, அது உண்மையிலேயே சோறு. கிட்டான் கல் எனப்படும் இரும்புச் சத்து மிக்க கல்லை இடித்துச் சலித்த பொடியைக் குழைத்த சோற்றோடு சேர்த்துப் பிசைந்து, மெல்லிய படலமாகத் தோலில் அப்புகின்றனர். ஒவ்வொரு படலத்தையும் வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்திய பின்பே அடுத்த படலம். நடுவில் கனமாகவும் ஓரத்தை நோக்கி மெலிந்தும் அது அமைய வேண்டும். தேய்க்கத் தேய்க்க நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவ்வெடிப்புகள் குறையல்ல, அவை இல்லையேல் கரணை ஓடுபோல் இறுகித் தோலை அசையவிடாது.

இதன் இயக்கம் எளிது. அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிகுதியாக எழுந்து தாழ்கிறது. எனவே நடுவில் ஏற்றிய சுமை அதனையே மிகவும் மந்தப்படுத்துகிறது. ஒரு விட்டத்தை அசையாக் கோடாகக் கொண்ட அடுத்த அதிர்வில் நடுப்புள்ளி அசைவதே இல்லை. சுமையின் தாக்கமும் அங்கே குறைவு. முன்னது தாழ்ந்து பின்னது அவ்வளவாகத் தாழாததால், இடைவெளி விரிந்து 1.59 ஏறக்குறைய 2 ஆகிறது. மற்றவை இணங்க வேண்டுமாயின் சுமையின் அகலமும் சரிவும் மிகச் சரியாக இருக்க வேண்டும். வட்டம் தரமறுத்த சுருதியைச் சோறும் கல்லும் தந்துவிடுகின்றன.

அவ்வாறாயின் தூய வடிவியலுக்கு இங்கே வேலையில்லையா என்றால், உண்டு. 1966இல் மார்க் காக் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு பறையைக் கண்ணால் காணாமல், அதன் அதிர்வெண்கள் அனைத்தையும் கேட்டே அதன் வடிவத்தைச் சொல்லிவிட முடியுமா? பரப்பளவைச் சொல்லலாம் என்று ஹெர்மன் வைல் 1911இலேயே காட்டியிருந்தார். இத்துறைக்கு உறுதியான அடித்தளமிட்ட ஆய்வுகளுள் ஒன்று 1949இல் வெளிவந்தது. அதனை எழுதிய இருவருள் ஒருவர் சுவீடன் நாட்டுப் பிளெயெல். மற்றவர் சென்னையில் பயின்று ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணிபுரிந்த சு. மீனாட்சிசுந்தரம். அவர் பெயர் உலகக் கணித நூல்களில் இன்றும் நிற்கிறது. நம் ஊர்களில் அதனைக் கேட்டோர் சிலரே.

காக்கின் கேள்விக்கு 1992இல் கார்டன், வெப், வோல்பர்ட் ஆகிய மூவர் விடை கண்டனர். முடியாது என்பதே விடை. வடிவத்தால் வேறுபட்டும் ஒலியால் சற்றும் வேறுபடாத இரண்டு பல்கோணங்களை அவர்கள் வரைந்து காட்டினர். ஆனால், ஒரே சீரான தோல் போர்த்த வட்டம் மட்டும் செவிக்குத் தப்புவதில்லை. பரப்பையும் சுற்றளவையும் ஒலியிலிருந்தே கணக்கிடலாம். குறிப்பிட்ட பரப்பை மிகக் குறைந்த சுற்றளவால் அடைப்பது வட்டம் ஒன்றே. ஆகவே வட்டத்தின் குரலைக் கேட்டு, இது வட்டமே என்று சொல்லிவிடலாம்.

அவையோரே, இவற்றையெல்லாம் நான் பல்லாண்டுகள் வகுப்பறையில் கற்பித்தேன். ஒருநாள் பாடம் முடிந்தபின் ஒரு மாணவர் எழுந்து, "சார், அந்த மிருதங்கத்துக்குச் சோறு போட்டது யாருன்னு புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. "எங்க தாத்தா போடுவார் சார்" என்று சொல்லிவிட்டு அமர்ந்துகொண்டார்.

அந்தத் தாத்தாவை நான் அறிவேன். என் தந்தையாரின் மிருதங்கத்தை மூட்டுவதற்காக எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். திண்ணைக்குக் கீழே நின்றே வாங்கிச் செல்வார், நின்றே திருப்பிக் கொடுப்பார். வயதில் மூத்த அவரை எங்கள் வீட்டில் ஒருமையில் அழைத்தோம். அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறன்று அவர் வீட்டுக்குச் சென்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க ஐயா" என்றார். எத்தனை வரிசை சோறு போட வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டா என்று கேட்டேன். "கணக்கு காதுலதாங்க இருக்கு. பத்தலைன்னா அதுவே சொல்லிடும்" என்றார். மார்க் காக்கின் கேள்வியை அவர் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் ஒவ்வொரு படலத்துக்கும் ஒருமுறை விரலால் தட்டிக் கேட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவை அவர் செவியால் அளந்துகொண்டிருந்தார்.

இந்தக் கலைஞர்களுள் பலர் தலித் கிறித்தவர்கள். ஆடு, மாடு, எருமை என்னும் மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. தோலைத் தொடுவோரைத் தள்ளி நிறுத்திவிட்டு, அத்தோலின் நாதத்தை மட்டும் மேடையேற்றினோம். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றாதார் இல்லை. அவருக்குக் கருவி செய்துதந்த தஞ்சாவூர்ப் பர்லாந்தின் பெயரை எத்தனை இரசிகர்கள் அறிவார்கள்? 2020இல் டி. எம். கிருஷ்ணா இவர்களது வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அதற்கு முன்பே அதை எழுதியிருக்க வேண்டியவர்கள், இவர்கள் வாழும் தெருக்களுக்கு அருகிலேயே குடியிருந்த நம்மைப் போன்றவர்கள் அல்லரோ?

உங்கள் வழக்குக்கு இப்போது வருகிறேன். வடிவம் மட்டும் போதுமானால் வெறும் தோல் வட்டமே சுருதியோடு பாடியிருக்கும். பொருள் மட்டும் போதுமானால் சோற்றையும் கல்லையும் எங்கு அப்பினாலும் நாதம் பிறந்திருக்கும். இரண்டும் இல்லை. உரிய இடத்தில், உரிய அளவில், கேட்கத் தெரிந்த ஒருவர் கையால் பொருள் வடிவத்தின்மேல் ஏற வேண்டும். தொல்காப்பியர் யாப்பைச் சொல்லும் செய்யுளியலைத் தனி அதிகாரமாக்காமல் பொருளதிகாரத்துக்குள்ளேயே வைத்தார். நம் வழக்குக்கு அதுவே தீர்ப்பு என்று நான் கருதுகிறேன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டின் முதற் கூட்டத்தில் மிருதங்கம் செய்யும் ஒருவரை இந்த மேடைக்கு அழையுங்கள். அவரைக் கௌரவித்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், பேசச் சொல்லிக் கேளுங்கள். சந்தம் அறிந்த உங்களுக்கு அவர் சொல்வது புரியும். அவர் சொல்வதை அவர் பெயரோடு அடுத்த மலரில் அச்சிடுங்கள்.

அந்த முதியவர் இன்று இல்லை. அன்று விடைபெறும்போது அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைக் கேட்க எனக்கு ஐம்பது வயது ஆகியிருந்தது. அந்த வெட்கத்தை உங்கள் முன் வைத்து அமைகிறேன்.