கற்சுவர் காட்டும் சமுதாயம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோயிற் சிற்பங்களின் அழகை நாம் பலகாலும் வியந்து பேசுகிறோம். அவ்வழகை ஆக்குவித்தவர் யார், ஆக்கியவர் யார், அதற்கு நெல் அளந்தவர் யார் என்று கேட்பது குறைவு. தஞ்சை இராசராசேச்சரத்தைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களை இன்று ஆராய்வோம்.

இருநூறு அடியளவு உயர்ந்த அவ்விமானத்தின் உச்சிக்கு முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டிற் செப்புக்குடம் அளித்தான். கோயிலுக்குத் தன் பெயரையே சூட்டினான். ஆகவே அவ்வுயரம் பக்தியின் அளவு மட்டுமன்று, ஆட்சியின் அளவுமாகும்.

இனிச் சுவரை நோக்குவோம். அரசன் கொடுத்தவை, அவன் அக்கன் குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றையோர் கொடுத்தவை என்ற முறையிலே பொறிக்குமாறு ஆணை பிறந்தது. கொடைவரிசையே அன்றைய சமுதாய வரிசை.

அதே சுவரில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் உள. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொணரப்பட்ட அவர்களுக்கு வீடும், ஆண்டுக்கு 100 கல நெல்லும் பங்காக விதிக்கப்பட்டன. அவர்கள் விரும்பி வந்தனரோ என்பதைக் கல் கூறவில்லை. தச்சர் தலைவன் குஞ்சரமல்லனும் பெயர் பெற்றான். ஆனால் 'இராசராசப் பெருந்தச்சன்' என்று அரசன் பெயரைத் தாங்கியே பெற்றான். மலையுடைத்துக் கல் சுமந்தவர் பெயர்களையோ நாம் அங்கே காணோம்.

கோயிலுக்கு விட்ட ஊர்களின் இறையிலி நிலங்களுள் கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஊர் அன்றே பிரிந்து கிடந்தது. ஈழமண்டலத்து ஊர்களும் அக்கோயிலுக்குப் பொருள் இறுத்தன. வென்ற நாட்டின் விளைவும் அக்கல்லிலே கலந்திருக்கிறது.

இவ்வாறு நோக்கினால் பக்தி குறையாதோ என்று பெரியோர் வினவலாம். குறையாது. உழைத்தவரை மறந்த வழிபாடே குறைவுடையது. 1968இல் மாவிட்டபுரக் கோயில் வாயிலில், உள்ளே சென்று வணங்கும் உரிமை கேட்டு நின்றோரை நாம் மறத்தலாகாது. கோயிலைக் கட்டும் கைகளை வேண்டி, அக்கைகள் கூப்புவதைத் தடுத்தல் எந்த அறத்துக்கும் ஒவ்வாது.

இளைஞர்களே, நம் ஊர்க் கோயில்களில் உபயகாரர் பெயர் பொறித்த கற்கள் உள. அவற்றைப் படியுங்கள். பின்னர்க் கேணி தோண்டியவர், மதில் எழுப்பியவர், தேர் செய்தவர் யாவர் என முதியோரைக் கேட்டு எழுதிவையுங்கள். சுவரில் இடம்பெறாத பெயர்கள் நம் ஏட்டிலேனும் இடம்பெறட்டும்.